24 மணி நேர ரேஸ், 12 மணி நேர ரேஸ் பாத்தவங்க வாங்க, உங்க கதையச் சொல்லுங்க

தெம்பனிஸ் தூக்கங்கெட்டவன்:

எஃப்1 பத்தி பேச நம்ம சிங்கப்பூர்ல ஆளு நெறைய, லெ மான்ஸ் 24 மணி நேர கார் ரேஸ் பத்தி பேசத்தான் ஆளு கெடைக்கிறதில்ல, அதான் கேட்டு வைக்கிறேன். பிரான்ஸ்ல சனிக்கெழம சாயங்காலம் 4 மணிக்கு ஆரம்பிச்சா நமக்கு ராத்திரி 10, முடியுறது ஞாயிறு ராத்திரி 10. கேக்குறதுக்கு வசதியாத்தான் இருக்கும். ஆனா ஜூன் மாசம் அங்க நல்லா இருட்டுறதுக்குள்ள நம்ம நேரம் விடிகாலை 4, 5 ஆயிடும். அவனுங்க ஹெட்லைட்ட போட்டுக்கிட்டு மல்சான் நேர்ரோட்ல 300க்கு மேல பறக்குறப்ப இங்க ஹால்ல வெயிலு வந்து டிவி மேலயே விழும், திரைச்சீலைய இழுத்து விட்டா வீட்ல திட்டு, பகல்ல எதுக்கு இருட்டுல உக்காந்திருக்கீங்கன்னு. அங்க விடியறப்ப நமக்கு மத்தியானம் 12. டெக்கா மார்க்கெட்ல வாங்குன மீனு கொழம்பே ஆயிருக்கும்.

இத முழுசா பாத்த மனுசன் ஒருத்தன் கூட கெடையாதுன்னுதான் எனக்கு தோணுது. நாம அசந்த நேரத்துலதான் என்னவோ நடந்து தொலையும். 2016 ஞாபகம் இருக்கா? அந்த வருஷம் ஒரு மணி நேரம் முன்னாடியே தொடங்கிட்டாங்க, அதனால நமக்கு ஞாயிறு 9 மணிக்கு முடியணும். எங்க வீட்டு மச்சான் வந்திருந்தாரு, அவருக்கு கார்னாலே ஆகாது, ஆனாலும் கூட உக்காந்து பாத்தாரு, டொயோட்டா 5ஆம் நம்பர்தான் முன்னாடி, பின்னாடி போர்ஷ தொரத்திக்கிட்டு இருக்கு, சரி இனிமே என்ன இருக்கு டொயோட்டாதான்னு சொல்லிட்டு கீழ கோப்பி தாபாவ் (பார்சல்) பண்ண எறங்கிப் போயிட்டாரு. மூணு நிமிஷம் சொச்சம்தான் பாக்கி, டொயோட்டா டிரைவரு நாகாஜிமா ரேடியோல பவர் இல்ல பவர் இல்லன்னு கத்துறாரு, கடைசி சுத்து தொடங்குற கோட்ட தாண்டுன ஒடனே வண்டி நின்னு போச்சு. போர்ஷ 2ஆம் நம்பர் பக்கத்துல புகுந்து போயிருச்சு. மச்சான் கோப்பியோட வந்து டொயோட்டாதானேன்னு கேக்குறாரு, நான் என்னத்த சொல்ல, இன்னைக்கு வரைக்கும் நான் வெளையாடுறேன்னுதான் நெனச்சுக்கிட்டு இருக்காரு.

இதுல இன்னொரு கொடும, நாகாஜிமா எப்பிடியோ உருட்டிக்கிட்டு அந்தச் சுத்த முடிச்சாரு, ஆனா கடைசிச் சுத்த 6 நிமிஷத்துக்குள்ள முடிக்கணும்னு விதி, அதத் தாண்டிட்டதால வரிசையிலயே பேரு இல்ல. ரெண்டாவதும் இல்ல, மூணாவதும் இல்ல, ஒண்ணுமே இல்ல. கடைசி சில நிமிஷம் வரைக்கும் முன்னாடி ஓடுன வண்டி!

ஈசூன் எஃப்1 வெறியன்:

அண்ணே அதுக்குத்தான் சொல்றேன், மரினா பே எஃப்1 ரேஸ்ல ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சிடும், எதுக்கு இந்த ரோதன.

உட்லண்ட்ஸ் மச்சான்:

தம்பி நீ ஒரு தடவ எங்க கூட மலேசியாவுல சேப்பாங் வா, அப்பறம் பேசு.

நான் டிவி பார்ட்டி இல்ல, நேர்ல போற பார்ட்டி. நமக்குன்னு ஒரு நிரந்தர சர்க்கியூட்டு இங்க கெடையாது, சாங்கில கட்டுறோம்னு கெளம்புனதும் 2012ல படுத்துருச்சு, அதனால சேப்பாங்தான் நமக்கு. மெர்டேக்கா ரேஸ்னு சொல்லுவாங்கள்ல, 12 மணி நேரம் ஓடுறது, அதுக்கு கூட்டாளிங்களோட போயிருக்கேன். விடியறதுக்கு முன்னாடியே உட்லண்ட்ஸ் கஸ்டம்ஸ தாண்டிடணும், அசால்ட்டா எந்திரிச்சு போனீங்கன்னா பாதி ரேஸ் ஜேபி பாலத்துலயே முடிஞ்சிடும். எல்லைய தாண்டுறப்ப முக்கா டேங்க் பெட்ரோல் இருக்கணும்ங்கிற விதி இருக்கே, அதனால இங்கயே ரொப்பிக்கிட்டு, திரும்பறப்ப அங்க 97 பெட்ரோல் ஊத்திக்கிறது, 95ஐ நம்ம நம்பர் பிளேட்டுக்கு ஊத்தக்கூடாது. வழியில பாகோல நிறுத்தி பசியாறிட்டு போனா சரியா இருக்கும்.

சேப்பாங் ஒரு சுத்து 5.543 கிலோமீட்டரு. பெரிய ஸ்டாண்டு ரெண்டு நேர்ரோட்டுக்கும் நடுவுல இருக்கு, கடைசி வளைவு 15ஆவது, அதுக்கு பக்கமா எடம் புடிச்சீங்கன்னா பின்பக்க நேர்ரோட்ல முழு வேகத்துல வர்றவன் பிரேக் அடிச்சு திரும்பி நம்ம கண்ணு முன்னாடியே அடுத்த நேர்ரோட்ல போறத பாக்கலாம். பகல்ல அது சாதாரணமாத்தான் தெரியும். இருட்டுனதுக்கு அப்பறம் பாக்கணும், பிரேக் டிஸ்க்கு சக்கரத்துக்குள்ள செக்கச்செவேல்னு கொள்ளிக்கட்ட கணக்கா எரியுது, திரும்பி முடிக்கிறதுக்குள்ள மங்கிப் போயிடுது, அடுத்தவன் வர்றான், மறுபடியும் செவப்பு. மணிக்கணக்கா அதையே பாத்துக்கிட்டு இருந்தேன், கூட்டாளி சாப்பிட கூப்புட்டான், போகல.

சூடு பத்தி சொல்லியே ஆகணும். மத்தியான வெயில்ல நமக்கே ஸ்டாண்டுல முடியல, அடைச்ச காருக்குள்ள தீப்புடிக்காத உடுப்ப மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கவங்க நெலம எப்பிடி இருக்கும்? உடம்போட ஒட்டுன மாதிரி ஒரு பனியன் போடுறாங்க, அதுக்குள்ள மெல்லிசா குழாய் ஓடுது, ஐஸ் பெட்டிலேர்ந்து குளிர்ந்த தண்ணிய பம்பு பண்ணி சுத்த விடுறாங்க, அந்த ஐஸ் கரைஞ்சு போச்சுன்னா அப்பறம் அது வெந்நீரு. கராஜ் பக்கம் போக விடுற பேடாக் பாஸ் இருந்ததால கராஜ் பின்பக்கம் நடந்து போனோம், ஒரு டிரைவரு அப்பத்தான் எறங்கி வந்தாரு, வாசல்லயே உக்காந்துட்டாரு. ஹெல்மெட்ட கழட்டக்கூட கை வரல, ஒரு பையன் ஓடி வந்து கழட்டி விட்டான். கையுறைய உருவி பிழிஞ்சாரு, தண்ணி சொட்டு சொட்டா சிமெண்டுல விழுந்துச்சு. யாரும் யார்கிட்டயும் பேசல. நாங்களும் நகந்துட்டோம்.

சாயங்காலம் மழ வேற, நம்ம பக்கத்து மழதான் தெரியுமே, ஊத்துன ஊத்துல சேஃப்டி கார் வந்து எல்லாத்தையும் மெதுவா கூட்டிக்கிட்டு போச்சு. அது பெருசா ஒண்ணுமில்ல. ஆனா அதுக்கு கொஞ்சம் முன்னாடி ஒரு சின்ன புரோட்டான் காரு கியர்பாக்ஸ் போயி கராஜுக்குள்ள தள்ளிட்டு வந்திருந்தாங்க. நாங்க மழைக்கு ஒதுங்குனது அதுக்கு பக்கத்துல. நாலஞ்சு பேரு அதுக்கு அடியில படுத்து கெடக்குறாங்க, ஃபெராரி, போர்ஷ எல்லாம் ஓடுற ரேஸ்ல அந்த வண்டி எத்தனையோ சுத்து பின்னாடி, இனிமே ஓட்டி என்ன ஆகப் போவுதுன்னு எங்களுக்கே தோணுச்சு. அவங்களுக்கு தோணல. ரொம்ப நேரம் கழிச்சு புது கியர்பாக்ஸோட வெளிய தள்ளுனாங்க பாருங்க, பக்கத்து கராஜ்காரனுங்க, அதாவது போட்டிக்காரனுங்க, எந்திரிச்சு நின்னு கை தட்டுறாங்க. ராத்திரி வரைக்கும் ஓடி முடிச்சுச்சு அந்த வண்டி.

ஈசூன் எஃப்1 வெறியன்:

சரி லா, ரெண்டு மணி நேரத்துல இந்தக் கதையெல்லாம் கெடைக்காதுதான். ஆனாலும் தூங்காம முடியாது எனக்கு.

சிராங்கூன் அக்கா:

எனக்கு கார் ரேஸ்னா என்னன்னே தெரியாது தம்பிங்களா, தல அஜித் ஓட்டுறாருன்னு சொன்னதால பாத்தேன், மறைக்க என்ன இருக்கு. 2025 ஜனவரி, துபாய் 24 மணி நேர ரேஸ். யூடியூப்லயே ஓசில போட்டாங்க. நமக்கு சாயங்காலம் ஆரம்பிச்சது, அடுத்த நாள் சாயங்காலம் முடிஞ்சது, பொங்கலுக்கு முந்தின சனி ஞாயிறு, வீடு சுத்தம் பண்ற வேல அத்தனையும் அந்த ரெண்டு நாள்லதான், துடைப்பத்த கைல வச்சுக்கிட்டே பாத்தேன். அதுக்கு சில நாள் முன்னாடிதான் பயிற்சியில வண்டி சுத்திச் சுத்திப் போயி சுவத்துல மோதுச்சு, அந்த வீடியோ வந்தப்ப எங்க ஆபீஸ்ல ஒருத்தரும் மத்தியானம் சாப்பிடல. அவருக்கு ஒண்ணும் ஆகல, எந்திரிச்சு நடந்து வந்துட்டாரு.

அப்பறம் பாத்தா, தன்னோட டீமு வண்டிய தான் ஓட்டப் போறதில்ல, டீமு நல்லா வரணும்னு ஒதுங்கிட்டாரு, இன்னொரு டீமோட ஜிடி4 பிரிவு வண்டிய மட்டும் ஓட்டுனாரு. அவரு டீமு போர்ஷ 992 பிரிவுல மூணாவது வந்துச்சு. இந்தியக் கொடிய புடிச்சுக்கிட்டு பிட்டுல, அதான் வண்டிங்கள நிறுத்தி வேல பாக்குற எடத்துல, ஓடுனாரே, அத பாத்து அழுதேன். இதுக்கு எங்க ஆபீஸ்ல ஒரு பெரிய சண்டையே நடந்துச்சு. அவரு ஓட்டாத வண்டி மூணாவது வந்ததுக்கு அவருக்கு என்ன கொண்டாட்டம்னு ஒருத்தன் கேட்டான். நான் சொன்னேன், தைப்பூசத்துக்கு பெருமாள் கோயில்லேர்ந்து டேங்க் ரோடு வரைக்கும் காவடி எடுக்குறது ஒருத்தருதான், ஆனா கூட நடந்து வந்து தண்ணி குடுக்குறவங்க, பாட்டு பாடுறவங்க, முக்காலிய தூக்கிட்டு வர்றவங்க இல்லாம அவரு போயி சேருவாரா? அதுல யாருக்கு புண்ணியம்னு பிரிச்சு குடுப்பியா? வாய மூடிட்டான்.

சாங்கி நைட் ஷிஃப்ட்:

அக்கா சொன்னது நூத்துக்கு நூறு. நரேன் கார்த்திகேயன் கதை தெரியுமா? 2009 லெ மான்ஸ், கோயம்புத்தூர்க்காரரு, ஆடி (Audi) கம்பெனி வண்டி, எல்லாம் ரெடி. தொடங்குறதுக்கு கொஞ்சம் முன்னாடி பிட் சுவத்துலேர்ந்து விழுந்து தோள்பட்டை எறங்கிருச்சு. மூணு பேரு ஓட்ட வேண்டியத மத்த ரெண்டு பேருமே ஓட்டி 7ஆவது வந்தாங்க. அப்பறம் 2012ல சென்னைக்காரரு கருண் சந்தோக் ஓட்டி 6ஆவது வந்தாரு, லெ மான்ஸ் ஓட்டுன மொத இந்தியரு அவருதான். நம்ம பக்கத்துலேர்ந்தும் கிளியர்வாட்டர் ரேசிங்னு ஒரு டீம் 2016ல ஃபெராரிய கொண்டு போச்சு, அத இங்க யாருமே கண்டுக்கல, எனக்கு இன்னும் அந்த வருத்தம் உண்டு.

நான் விமானம் பராமரிக்கிற வேலைல இருக்கேன். அதனால டிரைவர விட மெக்கானிக்கத்தான் பாப்பேன். லெ மான்ஸ்ல பெட்ரோல் போடுறப்ப டயர தொடக்கூடாது, ஊத்தி முடிச்ச பிறகுதான் டயரு, அதனால நேரத்த மிச்சம் புடிக்க ஒரே டயர்ல ரெண்டு ஸ்டின்ட், மூணு ஸ்டின்ட் ஓட்டுவானுங்க, ஸ்டின்ட்னா ஒரு தடவ பெட்ரோல் போட்டு அடுத்த தடவ போடுற வரைக்கும் ஓட்டுறது. ஒரு டிரைவரு எந்த 6 மணி நேரத்த எடுத்துக்கிட்டாலும் 4 மணி நேரத்துக்கு மேல ஓட்டக்கூடாது, மொத்தமா 14க்கு மேல கூடாது. மெக்கானிக்குக்கு அப்பிடி ஏதாச்சும் கணக்கு இருக்கான்னா அதான் இல்ல, ஹெல்மெட்ட மாட்டிக்கிட்டே நாற்காலில தூங்குவானுங்க, கேமரா காட்டும் பாருங்க, எங்க ஷிஃப்ட் பசங்க அத பாத்தா விசில் அடிப்பானுங்க.

தெம்பனிஸ் அண்ணன் சொன்ன 2016, அதுல போனது என்ன தெரியுமா? இஞ்சினுக்கு காத்த அழுத்தித் தள்ளுற டர்போவுக்கும் அந்தக் காத்த குளிர வைக்கிற இன்டர்கூலருக்கும் நடுவுல காத்து போற லைன்ல ஒரு கனெக்டரு. அவ்வளவுதான். எங்க வேலைலயும் அப்பிடித்தான், பெரிய சாமான எல்லாரும் பாத்து பாத்து வைப்போம், வண்டிய நிறுத்துறது எப்பவும் ஒரு ஓரமா கெடக்குற பொடி சாமான்தான்.

தாம்சன் பெரியவர்:

பேரப்புள்ள டைப் பண்ணக் கத்துக்குடுத்தான் தப்பு இருந்தா பொறுத்துக்குங்க. நீங்க எல்லாம் சேப்பாங் சேப்பாங்னு சொல்றீங்க எங்க காலத்துல ரேஸ் நம்ம அப்பர் தாம்சன் ரோட்டுலயே நடந்தது 1961லேர்ந்து 1973 வரைக்கும், 24 மணி நேரமெல்லாம் இல்ல, ஆனா ரோடுன்னா சாதா ரோடு, ஓரத்துல லாம்பு போஸ்ட்டு, பஸ் ஸ்டாப்பு, சாக்கட, அதுக்கு நடுவுல அந்த வேகம். டிக்கெட்டுக்கு காசு ஏது, பொதருக்குள்ள நொழஞ்சு போயி மேட்டுல உக்காந்து பாப்போம். டெவில்ஸ் பெண்டுன்னு ஒரு வளைவு, பேருக்கேத்த எடம். ஓட்டுறவங்க செத்துப்போனத கேள்விப்பட்டிருக்கோம், 73க்கு அப்பறம் நிறுத்திட்டாங்க, நல்லதுக்குத்தான் நிறுத்துனாங்கன்னு இப்பவும் சொல்லுவேன். அந்த ரோட்டுல ஒரு பகுதி இப்பவும் இருக்கு, கொரங்குதான் ஓடுது.

லெ மான்ஸுன்னா எனக்கு 1991தான். நான் அப்ப கார் பட்டறைல வேல. மாஸ்டா ஆர்எக்ஸ்-7 ஒண்ணு வரும், பிஸ்டனே இல்லாத ரோட்டரி இஞ்சின், அத யாரும் தொட மாட்டாங்க, எங்க மொதலாளி சீனரு, இந்த இஞ்சின் தண்டம், எண்ணெய குடிக்கும்னு திட்டிக்கிட்டே இருப்பாரு. நேரடியா பாக்க அப்ப ஏது வழி, திங்கக்கெழம பேப்பர்ல வந்தது மாஸ்டா 787பி ஜெயிச்சிருச்சுன்னு. ஜப்பான் வண்டி ஒண்ணு அங்க ஜெயிச்சது அதான் மொத தடவ, அதுக்கு அப்பறம் 2018ல டொயோட்டா ஜெயிக்கிற வரைக்கும் வேற ஜப்பான் வண்டி இல்ல. மொதலாளி பேப்பர மடிச்சு வச்சுட்டு அன்னைக்கு முழுக்க அந்த ஆர்எக்ஸ்-7 பானெட்ட தொறந்து வச்சு பாத்துக்கிட்டே இருந்தாரு. கடைசியா ஓட்டுன ஜானி ஹெர்பர்ட் எறங்குன ஒடனே மயங்கி விழுந்துட்டாராம், தண்ணி வத்திப்போயி, மேடைக்கே போகல. ஜெயிச்ச வண்டிய கோட்ட தாண்ட வச்சவன் மேடைல இல்லாத ரேஸ்.

தெம்பனிஸ் தூக்கங்கெட்டவன்:

ஐயா நீங்க 2018ன்னு சொன்னதும்தான் சொல்லணும், அந்தத் தடவ டொயோட்டாவ கோட்ட தாண்ட வச்சவரு அதே நாகாஜிமாதான். எங்க வீட்டு மச்சான நான் அன்னைக்கு வீட்டுக்கு கூப்புடவே இல்ல.

உட்லண்ட்ஸ் மச்சான்:

ஹாஹா. சரி அடுத்த சேப்பாங் ரேஸுக்கு வேன் எடுக்குறேன், மலேசியாவுக்குள்ள வண்டி போக விஇபி பெர்மிட் எல்லாம் ரெடி. பெரியவருக்கு முன் சீட்டு, இதுல பேச்சே கெடையாது. எஃப்1 தம்பிக்கு கடைசி சீட்டு.

சிராங்கூன் அக்கா:

நானும் வர்றேன். அங்க சைவச் சாப்பாடு கெடைக்குமா?

உட்லண்ட்ஸ் மச்சான்:

சர்க்கியூட்டுக்குள்ள நம்பி வராதீங்க அக்கா, புளிச்சோறு கட்டிக்கிட்டு வாங்க, எங்களுக்கும் சேத்து.