இடைச்செருகல் சரி, அடுத்த படிக்கு என்ன சொல்?

அட்டனிலிருந்து:
காரீயத்திலிருந்து (ஈயமன்று, பென்சிலில் உள்ள கிரபைற்று) இரசாயன முறையில் கிரபீன் (ஒரே காபன் அணுத் தடிப்புள்ள படை) எடுப்பதைத் தமிழில் எழுதும்போது ஓரிடத்தில் முட்டுகிறது. அமிலம் படைகளுக்கிடையே நுழைவது ‘இடைச்செருகல்’. பிறகு படைகள் ஒவ்வொன்றாகக் கழன்று நீரில் பரவுகின்றனவே, அந்த ‘எக்ஸ்ஃபோலியேசன்’? ‘உரித்தல்’ போதுமா?

பண்டாரவளையிலிருந்து:
போதாது சேர். உரித்தால் தோல் போய்ப் பழம் மிஞ்சவேண்டும். இங்கே கழல்வது அத்தனையும் விளைபொருள். ‘படைபிரிப்பு’ என்போம், ஓசோன் படை பிள்ளைகள் அறிந்ததுதானே.

நுவரெலியாவிலிருந்து:
படைபிரிப்பு என்றால் பிரிபுனலில் எண்ணெய்ப்படையும் நீர்ப்படையும் ஒதுங்குவதுதான் நினைவில் வரும் டீச்சர். நான் ‘ஏடுபிரிப்பு’ என்பேன். இடைச்செருகலே சுவடி பதிப்பித்தவர்களின் சொல். இரண்டும் ஒரே சுவடிக்கட்டுக்குள் கிடக்கும்.

செய்முறையோடு ஒட்டிப் பாருங்கள். காரீயத்தை ஒட்சியேற்ற ஹம்மர்ஸ், ஓஃப்மன் என்ற இரசாயனவியலாளர்கள் 1958இல் தந்த அளவு: காரீயத்தூள் 100 கிராம், சோடியம் நைத்திரேற்று 50 கிராம், செறிந்த சல்பூரிக்கமிலம் 2.3 லீற்றர், பொற்றாசியம் பரமங்கனேற்று 300 கிராம். பரமங்கனேற்றைச் சிறிது சிறிதாக, 20 பாகை செல்சியசைத் தாண்டவிடாமல் இடவேண்டும். நுவரெலியாக் குளிரை நம்பி ஐஸ் தொட்டியைத் தவிர்க்கக்கூடாது. சூடு கலவைக்குள்ளேயே பிறக்கிறது. அமிலத்தில் உருவாகும் மங்கனீசு ஏழொட்சைட்டு சூடேறினால் வெடிக்கும். பின் 35 பாகையில் அரை மணி, அதன்பின் நீர், கடைசியில் ஐதரசன் பரவொட்சைட்டு. கலவை மஞ்சளாகும்.

இதுவரை நடந்தது இடைச்செருகலும் ஒட்சியேற்றமும் மட்டுமே. படையிடைத் தூரம் 0.335 நனோமீற்றரிலிருந்து ஏறத்தாழ 0.8 ஆக விரிந்தாலும் ஏடுகள் கட்டுக்குள்ளேயே இருக்கின்றன. கழுவிக் கழியொலித் (அல்ட்ராசோனிக்) தொட்டியில் வைக்கும்போதே ஏடுபிரிப்பு. நேரம் கூடினால் ஏடுகள் கிழிந்து துண்டாகும்.

அட்டனிலிருந்து:
கழுவும் படியையும் எழுதவேண்டும். முதலில் ஐதான ஐதரோக்குளோரிக்கமிலம்; மங்கனீசு அதில்தான் போகும். அமிலம் குறையக் குறையக் கூழாகி வடிதாளை அடைக்கும், வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் மையநீக்கியே நல்லது.
தரத்துக்கு இன்னொன்று: காபன் காபனீரொட்சைட்டாக வெளியேறினால் ஏட்டில் ஓட்டை விழும், பின்னர் ஒட்சிசனை நீக்க இடும் எந்தத் தாழ்த்தியும் அதை அடைக்காது. ஒட்சியேற்றத்தை 10 பாகைக்குக் கீழே நிதானமாக நடத்தினால் ஓட்டை குறையும்.

பண்டாரவளையிலிருந்து:
சரி, ஏடுபிரிப்பை ஏற்கிறேன். ‘ஏடுபிரித்த காரீய ஒட்சைட்டு’ (அதாவது கிரபீன் ஒட்சைட்டு) என்றும் இயல்பாக வருகிறது. தாழ்த்தும்போது ஒட்சிசன் கூட்டங்கள் நீங்கி ஏடுகள் திரும்ப ஒட்டுவதற்கு ‘மீளடுக்கல்’ வைப்போம். தாழ்த்தியான ஐதரசீனுடன் அமோனியா சேர்த்துப் பிஎச் 10 அளவில் வைத்தால் அது தடைப்படும். ஆனால் ‘தாழ்த்திய கிரபீன் ஒட்சைட்டு’ என்பதைக் ‘கிரபீன்’ என்று சுருக்க நான் உடன்படமாட்டேன். ஓட்டைகளும் எஞ்சிய ஒட்சிசனும் அதில் இருக்கின்றன.