புது நாடகத்த பொதுவுல வாசிக்கிறது, எப்படி ஆரம்பிக்கலாம்?

மேடைக்கிறுக்கு:
வணக்கம் மக்களே, நாங்க நாடகம் எழுதுற ஒரு சின்ன குரூப். எல்லார்கிட்டயும் எழுதி முடிச்ச ஸ்க்ரிப்ட் இருக்கு, மேடையேத்த காசும் இல்ல ஆளும் இல்ல. அதனால மாசம் ஒரு நாடகம்னு எடுத்து செட்டு லைட்டு எதுவும் இல்லாம சேர் போட்டு உக்காந்து கையில ஸ்க்ரிப்ட வச்சே சத்தமா வாசிக்கலாம், யார் வேணா வந்து கேக்கட்டும்னு யோசனை. எழுதினவரே மெயின் ரோல வாசிக்கலாமா? ஒத்திகை எவ்ளோ வேணும்? முடிஞ்சதும் ஆளாளுக்கு கருத்து சொல்லி மனுசன அழ வச்சிட்டா என்ன பண்றது? இன்னொருத்தருக்கு கதைய யாராச்சும் சுட்டுருவாங்கன்னு வேற பயம்.

பின்வரிசை:
எழுதினவர வாசிக்க விடாதீங்க. எது கிண்டல், எது கோவம், எங்க நிறுத்தணும்னு எல்லாம் அவர் மனசுலயே இருக்கும், தாள்ல இல்லாததயும் குரல்ல போட்டு ஒப்பேத்திருவாரு. வேற ஒருத்தர் வாசிச்சு தடுக்கினாத்தான் வசனத்துல எங்க கல்லு கெடக்குன்னு தெரியும். அவரு பின்னாடி உக்காந்து ஆடியன்ஸ பாக்கட்டும், எங்க சிரிக்கிறாங்க, எங்க நெளியிறாங்க, எந்த சீன்ல திடீர்னு எல்லாருக்கும் இருமல் வருதுன்னு ஓரத்துல குறிச்சிக்கிட்டாலே போதும், அப்புறம் வாயால சொல்ற கருத்த விட எனக்கு அதுலதான் நம்பிக்கை.

மேடைக்குறிப்பு வாசிக்க தனியா ஒரு ஆள் வேணும். ஆனா முழுசா வாசிச்சா உயிர் போயிரும், "சோகமாக ஜன்னலைப் பார்க்கிறாள்" டைப்பெல்லாம் வெட்டிருங்க. யாரு வர்றா, யாரு போறா, கத்திய எடுக்குறான், லைட் அணையுது, இப்படி காதுக்கு எட்டாதது மட்டும் போதும்.

ஒத்திகை ஒரு தடவ. பேர் உச்சரிப்பு, யாரு எந்த ரோல், அவ்ளோதான். ரொம்ப பண்ணினா நல்ல நடிகர் செத்த சீனயும் தூக்கி நிறுத்திருவாரு, எழுதினவருக்கு ஓட்டையே தெரியாது.

சும்மாஒருத்தி:
கருத்து சொல்ற நேரத்த நடத்த ஒரு ஆள் கட்டாயம் வேணும், அவரு எழுதினவரா இருக்கக்கூடாது. லிஸ் லெர்மன்னு அமெரிக்க நடனக் கலைஞர் ஒருத்தங்க ஒரு முறை உருவாக்கியிருக்காங்க, நாடகக்காரங்களும் நிறைய பேர் அதத்தான் பிடிச்சிக்கிறாங்க. மொதல்ல கேட்டவங்க எது மனசுல நின்னுச்சுன்னு சொல்லணும். அப்புறம் எழுதினவர் கேள்வி கேப்பாரு. மூணாவது ஆடியன்ஸ் கேப்பாங்க, ஆனா கேள்விக்குள்ள அபிப்பிராயத்த ஒளிச்சு வைக்கக்கூடாது, "ஏன் இவ்ளோ இழுவை?"ன்னு கேட்டா அது கேள்வி இல்ல திட்டு. கடைசியாத்தான் கருத்து, அதுவும் "முடிவ பத்தி ஒன்னு சொல்லலாமா?"ன்னு கேட்டு அவரு சரின்னா மட்டும். இதுல "நானா இருந்தா இப்படி எழுதிருப்பேன்" கோஷ்டி தானா அடங்கிரும்.

கரித்துண்டு:
எல்லாம் சரி, ஆனா மொத டிராஃப்ட பொதுவுல வாசிக்காதீங்க. மொதல்ல கதவ சாத்திட்டு குரூப்புக்குள்ள ஒரு வாசிப்பு, திருத்தி எழுதினப்புறம் பொதுவுல. அமெரிக்காவுல 1964ல ஆரம்பிச்ச, புது நாடகங்கள வளர்த்தெடுக்குற ஓ'நீல் தியேட்டர் சென்டர்ல நடிகர்கள் கையில ஸ்க்ரிப்டோடயே நடிச்சு காட்டுவாங்க, நடுவுல எழுதினவர் மாத்தி எழுதிட்டே இருப்பாரு. வாசிச்சதோட நின்னுட்டா அது வெறும் கச்சேரி.

பின்வரிசை:
@கரித்துண்டு பழகின ஆளுங்க நம்மாளுன்னு சிரிச்சு வைப்பாங்க சார். அந்நியன் சிரிக்கலன்னாத்தான் உண்மை வெளிய வரும், அதனால மொத வாசிப்புலயே வெளியாள் ரெண்டு மூணு பேராச்சும் இருக்கணும்னு நான் சொல்வேன்.

ரூல்ஸ்ராகவி:
சுட்டுருவாங்க பயத்துக்கு: வெறும் ஐடியாவுக்கு காப்பிரைட் கிடையாது, எழுதின வசனத்துக்கு உண்டு. பெர்ன் ஒப்பந்தம்னு காப்பிரைட்டுக்கான சர்வதேச ஒப்பந்தம் ஒன்னு இருக்கு, அதுல இருக்குற நாடுகள்ல எழுதினவுடனே உரிமை வந்துரும், பதிவு பண்ணித்தான் ஆகணும்னு இல்ல. தேதி போட்ட காப்பிய உங்களுக்கே மெயில் பண்ணி வச்சிக்கோங்க, பின்னாடி தகராறு வந்தா காட்ட உதவும். ஸ்க்ரிப்ட் பிரின்ட்ட முடிஞ்சதும் திருப்பி வாங்கிருங்க. போட்டிக்கு அனுப்புற ஐடியா இருந்தா மேடையேறாத நாடகம்தான் வேணும்னு சில எடத்துல கேப்பாங்க, வாசிப்பும் அதுல சேருமான்னு விதிய ஒருதடவ படிச்சிருங்க.

மேடைக்கிறுக்கு:
எல்லாருக்கும் நன்றி, வெளியாள் மூணு பேரோட சின்னதா ஆரம்பிக்கிறோம். கடைசி டவுட்டு, ஒரு நாடகத்துல பாட்டு நிறைய இருக்கு, மெட்டு இன்னும் போடல, அத என்ன பண்றது?

சும்மாஒருத்தி:
வரிய வசனமா நிதானமா வாசிச்சிருங்க, பாட்டுன்னு மட்டும் மேடைக்குறிப்பு ஆள் சொல்லிட்டா போதும். அரைகுறையா பாட மட்டும் வேணாம், அப்புறம் எல்லாரும் பாட்ட பத்தியே பேசிட்டு போயிருவாங்க.