மாநகராட்சியின் 1913 எண்ணில் கொடுத்த சாக்கடைப் புகாரை மூடிட்டாங்க, பகுதி சபையில் (வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடும் கூட்டம்) எழுப்பலாமா?

சென்னை. தெருவில் சாக்கடை பொங்குது. புகார் 'முடிந்தது' என்று குறுஞ்செய்தி வந்தது. தண்ணீர் அப்படியே நிக்குது.

பதில்: எங்கிருந்து பொங்குதுன்னு முதலில் பாருங்க. தெரு நடுவில் மேன்ஹோல் என்றால் குடிநீர் வாரியம் (கழிவுநீரும் அவங்க பொறுப்புதான்), எண் 1916. ஓரத்து மழைநீர் வடிகால்தான் மாநகராட்சி. துறை மாறிப்போனா இப்படித்தான் மூடிடுவாங்க.

பதில்: சபையில் தாராளமா எழுப்பலாம். ஆனா வாயால் சொன்னது காற்றோடு போயிடும். மனு இரண்டு பிரதி எடுங்க: அருகிலுள்ள கதவு எண், மின்கம்ப எண், பழைய புகார் எண், தேதியோடு படம். ஒன்றில் தேதியிட்டுக் கையெழுத்து வாங்குங்க. வார்டு குழுத் தலைவர் கவுன்சிலர்தான், அவருக்கே எழுதுங்க.

கேட்டவர்: ஓர வடிகால்தான், ஆனா நாற்றம் தாங்கலை.

பதில்: அப்போ யாரோ கழிவுநீரை அதில் விட்டிருக்காங்க. இரண்டு எண்ணிலும் பதியுங்க.