சோமானுக்கு முன் தரும் மருந்து: ‘தடுப்பு மருந்து’ சரியா?

வணக்கம் ஐயா,

சோமான் என்ற போர் நச்சு தாக்கும் முன்பே தரும் மருந்து பிரிடோஸ்டிக்மின். நம் கலைச்சொல் பட்டியலில் இந்த வகை மருந்துக்கு நீங்கள் சொன்ன ‘தடுப்பு மருந்து’ எனக்கு ஒட்டவில்லை. படிப்பவர் தடுப்பூசியைத்தான் நினைப்பார். இது அப்படி எதையும் தடுப்பதில்லையே.

சோமான் போன்ற நரம்பு நஞ்சு, நரம்புகள் சரியாக இயங்கத் தேவையான அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதியைப் பிடித்து முடக்குகிறது. சோமான் என்றால் சில நிமிடங்களிலேயே பிடி இறுகிவிடும். அப்புறம் நொதியை மீட்கும் ஆக்சைம் என்ற மாற்று மருந்தை ஏற்றியும் பிடியை விடுவிக்க முடியாது. பிரிடோஸ்டிக்மின் முந்திக்கொண்டு நொதியில் ஒரு பகுதியை, ஏறத்தாழ 20 முதல் 40 விழுக்காட்டை, தான் பிடித்து வைத்துக்கொள்கிறது. அந்தப் பகுதியில் சோமானுக்கு இடமில்லை. சில மணி நேரத்தில் பிரிடோஸ்டிக்மின் தானாகவே விட்டுவிட, அந்த நொதி மறுபடி வேலைக்கு வரும். ஆனால் நஞ்சேறிய பிறகு, நஞ்சின் விளைவைத் தணிக்கும் அட்ரோப்பினும் ஆக்சைமும் தராவிட்டால், இதை மட்டும் முன்கூட்டி விழுங்கிப் பயனில்லை. ரீசஸ் குரங்குகளில் மூன்றும் சேர்ந்தபோதுதான் பலன் பளிச்சென்று தெரிந்தது. எலிகளில் அவ்வளவு இல்லை. அவற்றின் இரத்தத்தில் சோமானைப் பிடித்து வைக்கும் வேறொரு நொதி நிறைய உண்டு. 2003இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி தந்ததும் விலங்குச் சோதனைகளின் பலத்தில்தான். மனிதருக்குச் சோமான் கொடுத்துப் பார்க்க முடியுமா என்ன!

அக்கா சொன்ன ‘முன்மருந்து’ மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் எடுபடாது. செம்பனைத் தோட்டத்தில் மருந்து என்றால் முதுகில் பம்பு மாட்டிக்கொண்டு அடிப்பது. ‘மருந்து குடிச்சிட்டான்’ என்றால், ஆளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கு என்று பொருள். போதாததற்கு, கொசுவுக்குப் புகையடிக்கும் மாலத்தியான் இந்த நரம்பு நஞ்சுகளின் குடும்பம்தான்.

‘முன்பிடி’ என்று வைத்தால் என்ன?

—

தம்பி, முன்பிடி பிடித்திருக்கிறது. தனியாக நின்றால்தான் கபடிச் சொல் மாதிரி இருக்கிறது. ‘முன்பிடி மருந்து’ என்றால் உங்கள் தோட்டத்துச் சிக்கல் திரும்பி வந்துவிடும். ‘முன்பிடி மாத்திரை’? படைவீரர்களுக்கு 8 மணி நேரத்துக்கு ஒன்றாக 30 மில்லிகிராம் மாத்திரைதானே கொடுத்தார்கள்.

—

அக்கா, ஆய்வகத்தில் விலங்குகளுக்கு ஊசியாகவும் போடுகிறார்கள், மாத்திரை பொருந்தாது. பொருளுக்கு ‘முன்பிடிப்பான்’, செயலுக்கு ‘முன்பிடிப்பு’ என்று வைத்துக்கொள்வோம். ‘கினிப்பன்றிகளுக்கு முன்பிடிப்பான் செலுத்திய பின்’ என்று எழுதிப் பார்த்தேன், இடறவில்லை. சோமானின் பிடி இறுகுவதை ‘இறுகல்’ என்றே விடலாம். ஐயாவுக்கு மறுப்பில்லையென்றால் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.