16 வயதுப் பெண்ணின் ஆபரேஷனுக்கு யார் கையெழுத்து போடலாம்?

காசிமேட்டிலிருந்து எழுதுகிறேன். அக்கா இறந்த பிறகு அவள் மகளை நான்தான் வளர்க்கிறேன். இப்போது 16 வயது. அவள் அப்பா, அதாவது என் மாமா, விசைப்படகில் ஆழ்கடலுக்குப் போனால் கரை திரும்பப் பத்து நாளுக்கு மேல் ஆகும். பிள்ளைக்கு மாதாமாதம் தொண்டை வலி, காய்ச்சல். டான்சிலை எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். ஆனால் அப்பா கையெழுத்துதான் வேண்டுமாம், சித்தி போட்டால் செல்லாதாம். இரண்டு முறை தேதி தள்ளிப்போய்விட்டது.

"என் தொண்டைதானே சித்தி, நான் சம்மதிச்சா போதாதா?" என்று கேட்கிறாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

1875-ஆம் ஆண்டு வயதுவந்தோர் சட்டப்படி 18 முடிந்தால்தான் மேஜர். ஆனால் பழைய தண்டனைச் சட்டத்தின் 89, 90 பிரிவுகளில் சம்மதத்துக்கான வயது 12 என்று இருந்தது. அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அதே 12தான். அப்படியானால் நடுவில் இருக்கும் இவள் பேச்சுக்கு என்ன மதிப்பு?

மாமா கடலுக்குப் போகும் முன் எழுதிக் கொடுத்தால் ஆஸ்பத்திரியில் ஏற்பார்களா? இல்லை, 1890-ஆம் ஆண்டு பாதுகாவலர் சட்டத்தின்கீழ் கோர்ட்டுக்குத்தான் போகணுமா? இலவச சட்ட உதவிக்கு நாளை 15100-ல் பேசப் போகிறேன். வக்கீல்கள், நர்ஸ் அக்காக்கள், இதே நிலையில் பிள்ளை வளர்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். வலியில் அவள் சாப்பிடுவதே குறைந்துவிட்டது.