துருவக் கடல் உறைஞ்சா காற்றோட தொடர்பு அறுந்துடுமா?

முதுநகர்க்காரன்:
கடலூர் துறைமுகத்துல ஐஸ் பார் ஏத்துற வேலை எனக்கு. பாரோட ஓரம் தெளிவா இருக்கும். தண்ணியில கரைஞ்ச உப்பும் காற்றும் நடுவுல வெள்ளையா ஒதுங்கி நிக்கும். துருவக் கடல் உறைஞ்சா கார்பன் டை ஆக்சைடு போக்குவரத்தே நின்னுடும்னு பத்தாவது படிக்கிற பொண்ணு சொல்றா. சரியா?

பரங்கிப்பேட்டை அக்கா:
முழுசா நிக்காதுங்க. நீங்க பார்த்த அந்த ஒதுங்கல்தான் விஷயமே. கடல்நீர் உறையும்போது உப்பு, பனிக்குள்ள நுண்ணிய வாய்க்கால்கள்ல செறிவான உப்புநீரா தேங்கும். பனியோட வெப்பநிலை சுமார் மைனஸ் 5 டிகிரிக்கு மேல ஏறினா வாய்க்கால்கள் இணைஞ்சு வாயு போய் வரும். குளிர்ல அந்த உப்புநீர்ல இக்காயிட்னு ஒரு கால்சியம் கார்பனேட் படிகம் உண்டாகி, கார்பன் டை ஆக்சைடு வெளியாகும். கனத்த உப்புநீரோட அதுல ஒரு பங்கு கீழே இறங்கிடும். கோடையில படிகம் கரையும்போது தலைகீழ்: உருகுநீர் காற்றுலேர்ந்து வாயுவை இழுக்கும். அண்டார்டிக் கடற்பனியில இக்காயிட் இருக்குன்னு 2008லதான் வெளியிட்டாங்க. நினைக்க நினைக்க வியப்பா இருக்கு எனக்கு!

புதுவை வாத்தியார்:
பனியோட அடியில ஒட்டி வளர்ற டயாட்டம் பாசிகளையும் சேர்த்துக்குங்க. வசந்தத்துல வெளிச்சம் இறங்கினதும் அதுங்களும் கார்பனை எடுக்கும்.

முதுநகர்க்காரன்:
நன்றிக்கா, நன்றி சார். அப்போ பனி குறைஞ்சா கடல் கூடுதலா இழுக்குமா?

பரங்கிப்பேட்டை அக்கா:
முதல்ல இழுக்கும். ஆனா திறந்த மேல்நீர் வெயில்ல சூடாகி, சீக்கிரமே காற்றோட சமநிலைக்கு வந்துடும். அதுக்கப்புறம் இழுப்பு குறைஞ்சுடும்.