தொப்பி பேட்ஜா? முதலில் திருப்பிப் பாருங்கள்

பழைய பிரிட்டிஷ் ராணுவ பேட்ஜ் விற்கிறவர் முதலில் எடுத்து நீட்டுவது பேட்ஜை அல்ல, கதையை. இங்கிலாந்தில் கென்ட் பக்கம் ஒரு கார் பூட் சேலில் (காரின் பின்பெட்டியில் பழைய சாமான் வைத்து விற்கும் சந்தை) ஒரு அம்மா ராயல் இன்ஜினியர்ஸ் பேட்ஜ் ஒன்றை வைத்துக்கொண்டு, "தாத்தா முதல் உலகப் போரில் போட்டிருந்தது" என்றார். அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. வீட்டில் கேட்டதைத்தான் சொன்னார். ஆனால் அந்தப் பட்டாளத்தின் பேட்ஜில் நடுவில் அரசரின் பெயரெழுத்து இருக்கும். முதல் போர்க்காலம் என்றால் ஐந்தாம் ஜார்ஜின் எழுத்து வேண்டும். இதில் இருந்தது ஆறாம் ஜார்ஜுடையது, அதாவது 1936க்குப் பிந்தையது. பேட்ஜ் அசல்தான், கதைதான் வேறு போருக்கு உரியது. இரண்டாம் போர்க்கால பேட்ஜுக்கு என்ன விலையோ அதைக் கொடுத்து வாங்கிக்கொண்டேன். கதைக்கென்று தனி விலை கொடுக்கக் கூடாது.

கிரீடமும் இப்படித்தான் காட்டிக்கொடுக்கும். 1901 முதல் 1952 வரையான பேட்ஜ்களில் வழக்கமாகக் கிரீடத்தின் மேல் வளைவு உருண்டு ஏறும். எலிசபெத் அரசி காலத்தில் வந்ததில் நடுவில் பள்ளம் விழும். மெஷின் கன் கோர் என்ற இயந்திரத் துப்பாக்கிப் படைப்பிரிவு 1915இல் தொடங்கி 1922இல் கலைக்கப்பட்டது. அதன் பேட்ஜில் பள்ளம் விழுந்த கிரீடம் இருந்தால் மேற்கொண்டு பேசவே வேண்டாம்.

கஷ்டமெல்லாம் முன்பக்கம் சரியாக இருக்கிறபோதுதான். ஒரு பழம்பொருள் சந்தையில் வியாபாரி ஒருவர், "பாருங்க, காண்ட் முத்திரையே இருக்கு" என்று ஸ்லைடரைக் காட்டினார். ஸ்லைடர் என்பது தொப்பியில் செருகுவதற்குப் பின்னால் வைத்திருக்கும் நீளத் தகடு. ஜே. ஆர். காண்ட் பர்மிங்காமின் பெரிய தயாரிப்பாளர், உண்மை. ஆனால் பிற்காலத்தில் அடித்த மறு அச்சுகளிலும் அந்தப் பெயர் தாராளமாக இருக்கிறது. பெயரை மட்டும் நம்பி யாரும் பணம் கொடுக்காதீர்கள்.

அந்த பேட்ஜை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். அச்சில் அடித்த பேட்ஜில் முன்னால் மேடாக இருப்பது பின்னால் பள்ளமாக, வழவழப்பாகத் தெரியும். இதில் பின்பக்கம் பொரிப் பொரியாக இருந்தது, ஊசி முனையளவு துளைகள் வேறு. அச்சில் அடித்ததல்ல, உருக்கி வார்த்து எடுத்தது. உருவத்துக்கு நடுவே வெட்டுப்பட வேண்டிய இடைவெளிகளும் சுத்தமாக இல்லை, அரம் போட்ட கோடு தெரிந்தது. தேய்மானமும் பொருந்தவில்லை. சிப்பாய் நாள்தோறும் துடைத்த பேட்ஜில் மேடான இடம் மழுங்கியிருக்கும், இடுக்கில் பாலிஷ் வெள்ளையாகக் காய்ந்து கிடக்கும். இது மேடு, இடுக்கு என்ற வித்தியாசமே இல்லாமல் ஒரே மாதிரி கறுத்திருந்தது. மருந்து போட்டுக் கறுக்க வைத்தது என்றுதான் எனக்குப் பட்டது. வாங்கவில்லை.

விலையைப் பொறுத்தவரை, பழசு என்பதற்காக விலை ஏறாது. பெரிய பட்டாளங்களின் பேட்ஜ் லட்சக்கணக்கில் அடிக்கப்பட்டது. கொஞ்ச காலமே இருந்த படைப்பிரிவு, அதிகாரிகளுக்கான வெள்ளி பேட்ஜ், இவற்றுக்குத்தான் மதிப்பு. போலியும் அங்கேதான் குவிகிறது. எஸ்.ஏ.எஸ். என்ற பிரிட்டிஷ் சிறப்புப் படையின் பேட்ஜ் என்றால் நான் கையில் எடுக்கும்போதே சந்தேகத்தோடுதான் எடுப்பேன்.

*

அண்ணா, இதைப் படித்துவிட்டுக் கேட்கிறேன். ராயல் வாரிக்‌ஷயர் பட்டாளத்தின் பேட்ஜ் ஒன்று வைத்திருக்கிறேன். அதில் உள்ள மான் வெள்ளை உலோகத்திலும் கீழ்ப்பட்டை பித்தளையிலும் இருக்க வேண்டுமாம். என்னுடையது முழுக்கப் பித்தளை. காட்டிய இடத்தில் எல்லாம் போலி என்கிறார்கள். தூக்கிப் போட்டுவிடவா?

*

ஐயோ, போடாதீர்கள் தம்பி. 1916 வாக்கில் போர்ச் சிக்கனத்துக்காகப் பல பட்டாளங்களுக்கு இரண்டு உலோகத்தை விட்டு முழுப் பித்தளையில் அடித்தார்கள். வாரிக்‌ஷயரும் அதில் உண்டு. அதனால் பித்தளை என்பதை வைத்துப் போலி என்று முடிவு கட்ட முடியாது. அதையும் போலியாக அடிக்கிறார்கள் என்பதும் நிஜம். பகல் வெளிச்சத்தில் பின்பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள். ஸ்லைடர் பற்றவைத்த இடமும், மானின் கழுத்திலிருந்து தொங்கும் சங்கிலியும் கிட்டத்தில் தெரியட்டும். அதுவரைக்கும் பாலிஷ் எதுவும் போட்டுவிடாதீர்கள்.